ஐம்பது இலட்சத்தில் தொடங்கும் ஆடம்பரம்

2025 மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் படித்து முடித்து உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டாள். பணிக்கொடையில் மிஞ்சியிருந்ததையும் மகளின் சேமிப்பையும் ஒன்றுசேர்த்து, மீதியைக் குத்தகைக் கடனாகப் பெற்று, வாழ்நாளில் முதற்தடவையாகப் புதிய கார் ஒன்றை வாங்குவதென வீட்டில் முடிவாகியிருந்தது. கொழும்பில் நான்கைந்து விற்பனை நிலையங்களில் ஏறி இறங்கிய பின்னரே என்னை அழைத்திருந்தார்.

"ஐசே, நான் போய்க் கேட்டது கார். அவங்கள் சொன்னது காணி விலை" என்றார்.

சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "ஆடம்பர வாகனத்துக்குத்தான் பெரிய வரி எண்டு நீங்கள் பத்திரிகைக்காரர்தானே எழுதினீங்கள். நான் பாத்தது ஆடம்பரக் காரே? பின்சீற்றிலை மூண்டு பேர் நெருக்கிக்கொண்டு இருக்கிற கார்."

அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நாடு வங்குரோத்து நிலையிலிருந்து மீள வேண்டும், டொலர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வசதியுள்ளவர்கள் கூடுதலாகச் செலுத்தத்தானே வேண்டும் என்று, ஆசிரிய தலையங்கம் எழுதும் தோரணையில் ஏதோ கூறி முடித்துவிட்டேன். பின்னர் வர்த்தமானியில் வெளியான வரி வீதங்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், நண்பரின் கேள்வியில் இருந்த நியாயம் புலப்பட்டது. இக்கட்டுரை அந்தத் தாளிலிருந்து பிறந்ததுதான்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. கொரோனாத் தொற்றும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் ஒருசேர வந்த காலம் அது. சில மாதங்களுக்கான தற்காலிக ஏற்பாடு என்றே பலரும் எண்ணினர். தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறப்பதற்கு 2025 பெப்ரவரி 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவித் திட்டத்துக்கு அங்கீகாரம் வழங்கியது. அரச வருமானத்தை உயர்த்துவது அத்திட்டத்தின் முதுகெலும்பு. வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, வரிகள் அவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டதற்கு இந்தப் பின்னணியே காரணம். டொலரைப் பாதுகாப்பதும் ரூபாவைச் சேர்ப்பதும் ஆகிய இரு வேலைகளையும் ஒரே வரியிடம் ஒப்படைத்தார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். வாகனத்தின் கொள்விலை, காப்புறுதி, கப்பல் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சுங்கத் திணைக்களம் கணிக்கும் இறக்குமதிப் பெறுமதி. 2025இன் வீதங்களின்படி, அதன்மீது முதலில் 20 வீத சுங்கத் தீர்வை. அந்தத் தீர்வையின் மீது 50 வீத மேலதிகக் கட்டணம். ஆக, பெறுமதியில் 30 வீதம் இங்கேயே போய்விடுகிறது. அடுத்தது உற்பத்தி வரி. இது வாகனத்தின் விலையைப் பார்ப்பதில்லை. இயந்திரத்தின் கொள்ளளவை, அதாவது நாம் சீசீ என்று சொல்வதை மட்டுமே பார்க்கிறது. 1,300க்கும் 1,500க்கும் இடைப்பட்ட பெற்றோல் காருக்கு ஒரு சீசீக்கு 4,450 ரூபா. இவற்றையெல்லாம் கூட்டி, இறக்குமதிப் பெறுமதியில் 10 வீதத்தையும் சேர்த்து, அதன்மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி. வரிக்கு மேல் வரி என்பது இதுதான். கடைசியாக வருவது ஆடம்பர வரி. பெற்றோல் காரின் இறக்குமதிப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 100 வீதம். டீசல் காருக்கு 120 வீதம். ஹைபிரிட் காருக்கும் மின்சாரக் காருக்கும் எல்லை சற்று உயரத்திலும், வீதம் சற்றுக் குறைவாகவும் வைக்கப்பட்டன.

ஒரே 1,500 சீசீ பெற்றோல் இயந்திரம் பொருத்திய இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 30 இலட்சம் ரூபா இறக்குமதிப் பெறுமதி கொண்ட எளிய குடும்பக் கார். 2025இன் தொடக்கத்தில் இருந்த நாணய மாற்று வீதப்படி சுமார் 10,000 டொலர். மற்றது 80 இலட்சம் ரூபாப் பெறுமதியான, தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் கொண்ட கார்.

முதலாவது காருக்குத் தீர்வையும் மேலதிகக் கட்டணமும் 9 இலட்சம். உற்பத்தி வரி 66 இலட்சத்து 75 ஆயிரம். பெறுமதி சேர் வரி ஏறத்தாழ பத்தொன்பதரை இலட்சம். ஆடம்பர வரி இல்லை. மொத்த வரி சுமார் 95 இலட்சம். 30 இலட்சம் ரூபாக் கார், விற்பனையாளரின் இலாபம் சேர முன்னரே ஒன்றேகால் கோடியாகிவிடுகிறது.

இரண்டாவது காருக்குத் தீர்வையும் மேலதிகக் கட்டணமும் 24 இலட்சம். உற்பத்தி வரி அதே 66 இலட்சத்து 75 ஆயிரம். ஆடம்பர வரி 30 இலட்சம். பெறுமதி சேர் வரி 30 இலட்சத்துக்குச் சற்று மேல். மொத்தம் ஒன்றரைக் கோடியைச் சற்றுத் தாண்டும்.

தொகையாகப் பார்த்தால் பணக்காரர் கூடுதலாகவே செலுத்துகிறார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் விகிதாசாரத்தைப் பாருங்கள். எளிய காரை வாங்குபவர் அதன் பெறுமதியைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக வரி செலுத்துகிறார். சொகுசுக் காரை வாங்குபவர், ஆடம்பர வரியையும் சேர்த்தே, இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகச் செலுத்துகிறார். ஒரு கோடி ரூபாப் பெறுமதியான காருக்கு இதே கணக்கைப் போட்டால் அந்த விகிதம் இன்னும் சற்று இறங்குகிறது. கார் விலை ஏற ஏற வரியின் பாரம் குறைந்துகொண்டு போகிறது! ஆடம்பர வரி என்ற பெயரைக் கேட்டதும் நாமெல்லாம் திருப்தியடைந்துவிடுகிறோம். பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது அந்தப் பெயரே இல்லாத வேறொரு வரி என்பதும், அது தாழ்ந்த விலைக் காரை வாங்குபவரின் முதுகிலேயே கூடுதலாக அழுத்துகிறது என்பதும் கண்ணுக்குப் படுவதில்லை. நானும் இத்தனை வருடம் செய்தி எழுதியவன்தான். வர்த்தமானி வெளியான மறுநாள் வீதங்களை அப்படியே அச்சிட்டோமே தவிர, எவரும் இரண்டு கார்களை அருகருகே வைத்துக் கணக்குப் பார்க்கவில்லை.

சீசீயின்படி வரி விதிப்பதற்கு அதிகாரிகள் கூறும் காரணம் ஒன்றுண்டு. விலையை அடிப்படையாகக் கொண்டால் இறக்குமதியாளர்கள் பொய்ப் பற்றுச்சீட்டுகளைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்வார்கள்; இயந்திரத்தின் அளவில் பொய் சொல்வது கடினம் என்பதே அது. அனுபவத்தில் கண்ட காரணம்தான், புறந்தள்ள முடியாது. ஆனால் ஆடம்பர வரி கணிக்கப்படுவது அதே பற்றுச்சீட்டின் பெறுமதியைக் கொண்டுதானே? 20 வீத சுங்கத் தீர்வையும் அப்படித்தானே? அவற்றுக்கு நம்பக்கூடிய பற்றுச்சீட்டு, உற்பத்தி வரிக்கு மட்டும் நம்ப முடியாததாகிவிடும் விந்தை எனக்கு விளங்கவில்லை.

மேலும், அளவிலே பொய் சொல்ல முடியாதென்பதும் முழு உண்மையல்ல. வரிக்கு ஏற்றாற்போல அளவைத் தெரிந்தெடுக்கலாம். இறக்குமதித் தடைக்கு முந்திய ஆண்டுகளில் 988 சீசீ இயந்திரம் பூட்டிய ஹொண்டா சிவிக் இந்நாட்டில் அவ்வளவு விரும்பி வாங்கப்பட்டதற்குக் காரணம் என்ன? 1,000 சீசீக்குக் கீழ் என்ற வரிப் படிதான். ஐரோப்பியச் சொகுசுக் கார்கள் சிலவும் அந்தப் படிக்குள்ளேயே குனிந்து நுழைந்தன. காரை வாங்குபவர் வீதியின் தன்மையையோ குடும்பத்தின் அளவையோ பார்த்து இயந்திரத்தைத் தெரிவுசெய்யவில்லை; வர்த்தமானியைப் பார்த்தே தெரிவுசெய்தார். மின்சாரக் கார்களுக்கு சீசீ கிடையாது. ஆகவே மோட்டாரின் வலுவை, கிலோவோற் கணக்கில், அளவாக வைத்தார்கள். அங்கும் அதே கதை. 2025 நடுப்பகுதியில் பெருந்தொகையான மின்சாரக் கார்கள் சுங்கத்தில் தடுத்துவைக்கப்பட்டன. மோட்டாரின் வலு 100 கிலோவோற்றா, 150 கிலோவோற்றா என்பதே வழக்கு. முற்பணம் செலுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், தங்கள் காரின் உள்ளே இருக்கும் மோட்டாரைப் பற்றி நீதிமன்றச் செய்திகளில் வாசித்தறிந்தார்கள்.

இனி அந்த 50 இலட்ச எல்லைக் கோட்டைப் பார்ப்போம். நண்பரின் கேள்வி உண்மையில் அதைப் பற்றியதுதான். எது ஆடம்பரம்?

2020இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 182 ரூபா அளவில் இருந்தது. அன்று 50 இலட்சம் ரூபா என்றால் சுமார் 27,000 டொலர். 2025இன் தொடக்கத்தில் டொலர் 300 ரூபாவை அண்மித்தபோது அதே 50 இலட்சம் சுமார் 16,700 டொலராகச் சுருங்கிவிட்டது. யப்பானில் காரின் விலை ரூபாவில் எழுதப்படுவதில்லை. தடைக்கு முன்னர் இத்தகைய கோட்டுக்கு வெகு கீழே நின்றிருக்கக்கூடிய நடுத்தரக் குடும்பக் கார், ஒரு திருகாணிகூட மாற்றப்படாமல், ரூபா வீழ்ந்ததால் மட்டுமே கோட்டைத் தொட்டுவிடுகிறது. ரூபாவின் வீழ்ச்சிக்கு அதை வாங்குபவர் காரணமல்லர். அதனால் அவருடைய சேமிப்பு ஒருமுறை கரைந்தது. அந்த வீழ்ச்சியே அவருடைய காரை ஆடம்பரப் பொருளாக்கி இரண்டாம் முறையும் அறவிடுகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இலண்டனில் வசிக்கும் உறவினர் ஒருவரிடம் இந்தக் கணக்கைக் கூறியபோது, "இங்கையும் அப்பிடித்தான்" என்றார். பிரித்தானியாவில் 2017 ஏப்ரல் முதல், 40,000 பவுணுக்கு மேல் பட்டியல் விலை கொண்ட புதிய கார்களுக்கு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து வருடங்களுக்கு வருடாந்த வாகன வரியோடு மேலதிகத் தொகை ஒன்று அறவிடப்படுகிறது. 2025-26இல் அது வருடத்துக்கு 425 பவுண். விலைக்கழிவு பெற்று 38,000 பவுணுக்கு வாங்கினாலும் விலக்கில்லை. பட்டியல் விலையே கணக்கு. மூன்றாம் வருடத்தில் பழைய காராக வாங்குபவரும் மீதி வருடங்களுக்குச் செலுத்த வேண்டும். 2017இல் 40,000 பவுண் என்பது உண்மையில் விலையுயர்ந்த கார்தான். விலைவாசி ஏற, எல்லைக் கோடு நின்ற இடத்திலேயே நிற்க, சாதாரணக் குடும்பக் கார்கள் பலவும் அதற்குள் வந்துவிட்டன. 2025 ஏப்ரலில் மின்சாரக் கார்களும் சேர்க்கப்பட்டன. பின்னர் 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், மின்சாரக் கார்களுக்கு மட்டும் அந்த எல்லையை 2026 ஏப்ரல் முதல் 50,000 பவுணாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். எல்லைக் கோடு தானாக நகராது, யாராவது நகர்த்த வேண்டும் என்பதை அங்கே குறைந்தபட்சம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தவிரவும், அங்கே பேச்செல்லாம் வருடத்துக்குச் சில நூறு பவுண் பற்றியது. இங்கே நாம் பேசுவது ஒரு வீட்டின் விலையை.

புதிய கார் வாங்க முடியாதவர் இதனால் பாதிக்கப்படமாட்டார் என்று எண்ணுவதும் தவறு. தடைக்காலத்தில் ஐந்து வருடம் ஓடித் தேய்ந்த கார்கள், வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறியதை எல்லோரும் கண்டோம். பழைய காரின் விலையைத் தீர்மானிப்பது அதன் வயது அல்ல. அதற்குப் பதிலாக இன்று புதிய ஒன்றை வாங்க எவ்வளவு வேண்டும் என்பதே. ஆகவே புதிய காரின் வரி பழைய காரின் விலைக்குள்ளும் ஒளிந்துகொள்கிறது. அந்தப் பங்கு அரசாங்கத்துக்குப் போவதில்லை, முன்னைய உரிமையாளரின் பைக்குப் போகிறது. காற்றுப்பை இல்லாத, தடுப்பு தேய்ந்த காரை அரைக் கோடி கொடுத்து வாங்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் போகிறவரும் இந்த வரியைச் செலுத்தியவர்தான். அவருக்குப் பற்றுச்சீட்டு மட்டும் கிடைக்கவில்லை.

வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, ஏற்கெனவே இங்கிருந்த ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் சாகாவரம் பெற்றன. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு யப்பானியக் கார்கள் வந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் அதே ஏ 40களும் மொறிஸ் மைனர்களும், கிளப்புவதற்குச் சில துளி பெற்றோலும் ஓடுவதற்கு மண்ணெண்ணெயுமாக, புகையைக் கக்கிக்கொண்டு நோயாளிகளை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றன. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது தென்னிலங்கையிலிருந்து வந்தவர்கள் அவற்றை அரும்பொருட்காட்சிச்சாலைப் பொருட்களைப் போல நின்று படம் பிடித்தார்கள். எங்கள் மெக்கானிக்குகளின் கைவண்ணத்தைப் புகழ்ந்து கட்டுரைகளும் எழுதப்பட்டன. நானும் ஒன்று எழுதினேன். அந்தக் கைவண்ணம் எவ்வளவு நிர்ப்பந்தத்தில் பிறந்தது என்பதை அதில் போதிய அளவு எழுதவில்லை.

வாகன வரியே கூடாதென்று நான் வாதிடவில்லை. பஸ்ஸில் போகிறவர்களின் நாட்டில் கார் வாங்குபவர் கூடுதலாகச் செலுத்துவது நியாயமே. 2025இல் வாகன இறக்குமதிச் செலவு நூறு கோடி டொலரைத் தாண்டியது. வாகன வரி வருமானமும் அரசாங்கம் எதிர்பார்த்ததை விஞ்சியது. இதில்தான் சிக்கலும் இருக்கிறது. டொலர் வெளியே போகக் கூடாதென்பதற்காக விதிக்கப்பட்ட வரி, டொலர் வெளியே போனால்தான் வருமானம் தரும். திறைசேரி அந்த வருமானத்தில் தங்கப் பழகிவிட்டால், பின்னர் குறைப்பதற்கு மனம் வராது. வருமானத்தில் எவ்வளவு புதிய பஸ்ஸாகவும் புகையிரதப் பெட்டியாகவும் திரும்பி வந்தது என்று எவரும் தனியாகக் கணக்குக் காட்டுவதுமில்லை. பஸ் நன்றாக ஓடியிருந்தால் எனது நண்பர் கார் தேடிப் போயிருக்கமாட்டார்.

வரி எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தாலாவது வாயை மூடிக்கொண்டு செலுத்தலாம். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டதும், அவை வெளியே விற்கப்பட்டதும் பல வருடங்களாகப் பகிரங்க இரகசியம். இரண்டு கோடி வரி செலுத்த வேண்டிய வாகனம் ஒருவருக்கு வரியின்றி வருகிறது. மூன்று பேர் நெருக்கியமரும் கார் மற்றவருக்கு மூன்று மடங்கு வரியோடு வருகிறது. 2024இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் உறுப்பினர்களுக்கு இனி அத்தகைய அனுமதிப்பத்திரங்கள் இல்லை என்று அறிவித்தது. 2025 பெப்ரவரியில் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்கள் ஏலத்தில் விடப்பட்டன. நல்ல காரியங்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மேலே இருந்தவர்களின் சலுகை நின்றதால் கீழே இருப்பவரின் பாரம் இறங்கிவிடவில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. 50 இலட்ச எல்லையை நாணய மாற்று வீதத்தோடு பிணைத்து வருடத்துக்கொருமுறை திருத்தலாம். உற்பத்தி வரியில் ஒரு பங்கையாவது சீசீயிலிருந்து பெறுமதிக்கு மாற்றினால், 30 இலட்சக் காருக்கும் 80 இலட்சக் காருக்கும் ஒரே தொகை என்ற அநியாயம் குறையும். இவ்விரண்டுக்கும் நாணய நிதியத்தின் சம்மதம் வேண்டும் என்பார்கள். வேண்டியதுதான். மூன்றாவதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை: விற்பனைப் பற்றுச்சீட்டில் காரின் பெறுமதி இவ்வளவு, இன்னின்ன வரி இவ்வளவு, விற்பனையாளரின் இலாபம் இவ்வளவு என்று பிரித்து அச்சிடச் சட்டம் செய்யலாம். கடையில் வாங்கும் பொருளுக்குப் பெறுமதி சேர் வரியைப் பிரித்துக் காட்டும் நாட்டில், ஒன்றேகால் கோடிக்கு ஒரே வரியில் பற்றுச்சீட்டு எழுதுவது என்ன முறை? விற்பனையாளர்கள் "எல்லாம் அரசாங்க வரி" என்று கையை விரிக்கிறார்கள். அரசாங்கம் "வியாபாரிகளின் கொள்ளை இலாபம்" என்கிறது. பிரித்து அச்சிட்டால் இருவரில் யார் சொல்வது உண்மையென்று வாங்குபவர் தானே பார்த்துக்கொள்வார்.

நண்பருக்கு அந்தத் தாளைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத்தாள் திருத்துபவரைப் போல வரிவரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் நான் விட்டிருந்த கூட்டல் பிழையொன்றைச் சிவப்பு மையால் திருத்தினார். கடைசியில் 95 இலட்சம் என்றிருந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, "இவ்வளவு காசு குடுத்து நான் வாங்கிறது காரில்லை ஐசே, வரி. அதோடை ஒரு காரும் தாறாங்கள்" என்றார்.

அவர் புதிய கார் வாங்கவில்லை. வீட்டிலிருந்த 1990களின் பழைய காருக்கு இயந்திரத்தைப் பிரித்து வேலை செய்து, புதிதாக வர்ணமும் அடித்திருக்கிறார். சென்ற மாதம் அதிலேதான் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார். குளிரூட்டி வேலை செய்யவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு போனோம்.